இறக்கம்

குன்னூரில் ஏற்றம் யாரையும் காட்டிக்கொடுக்காது.
இறக்கம்தான் காட்டிக்கொடுக்கும்.
பெட்ஃபோர்டிலிருந்து பஸ் நிலையத்துக்கு
நூற்றுப் பன்னிரண்டு படி.
ஏழாவதிலேயே என் வலது முழங்கால்
வேறு யாருடையதோபோல் நழுவும்.

வெலிங்டன் மைதானம், ஜூலை, ஈரப் புல்.
பந்து என்னிடம் இல்லை. யாரும் இடிக்கவுமில்லை.
திரும்பினேன், அவ்வளவுதான்.
பூட்ஸ் திரும்பவில்லை.
சுள்ளி ஒடிந்த சத்தம்
உள்ளே எனக்குக் கேட்டது,
வெளியே ஜெசிந்தாவுக்கு.
அவள்தான் முதலில் அழுதாள்.

ஸ்கேன் படத்தில் டாக்டர் பேனா வைத்த இடத்தில்
ஒன்றுமில்லை.
"இங்கே இருக்கணும்" என்றார்.
சுண்டுவிரல் நீளம்கூட வராத ஒரு நார்.
தானாக ஒட்டாதாம்,
மூட்டுநீரில் ரத்தம் உறைந்து நிற்காதாம்.
தொடையின் பின்னாலிருந்து ஒன்றை உருவி
இங்கே கட்டலாம்.
சமையலறை ஓட்டைப் பிரித்துக்
கூடத்து ஒழுகலை அடைப்பதா என்றார் அப்பா.
அவர் கேட்டது செலவைப் பற்றி.

என் வேலை பட்டுவித்து நிலையத்தில்.
கூட்டின் நுனியைப் பிளேடால் சீவி
உள்ளே இருப்பது ஆணா பெண்ணா என்று பிரிப்பது.
புழு தட்டுக்கு,
கூடு கழிவு மூட்டைக்கு.
தையில் கோயம்புத்தூர் ஆய்வகத்திலிருந்து வந்த ஷாஹிதா
அந்தக் கழிவை எடைபோட்டு வாங்கினாள்.
"எதுக்கு?"
"முழங்காலுக்கு."
நான் எழுந்து நடந்து அவள் இன்னும் பார்த்திருக்கவில்லை.

சோடா உப்பில் கொதிக்கவைத்துப் பசையை எடுக்கணும்,
பசை இருந்தால் உடம்பு சண்டைக்கு வரும்.
இழைகளை முறுக்கிக் கயிறாக்கி
அதன்மேல் உயிரணுக்களை ஏற்றணும்.
வீட்டுக்குச் சாரம் கட்டுவதுபோல என்றாள்,
ஆனால் சுவர் நின்றபின் யாரும் வந்து பிரிக்கவேண்டாம்,
பட்டு தானே கரையும்,
இரண்டு வருஷம், முன்னே பின்னே.

போனில் ஒரு வீடியோ.
இளஞ்சிவப்பு நீரில் ஒரு வெள்ளைக் கயிறு,
இரு முனையிலும் கவ்வி.
இழுக்கிறது, கால்சுற்று திருகுகிறது, விடுகிறது,
இழுக்கிறது,
ராத்திரி பகல் இதே.
சும்மா விட்டால் அணுக்கள் திக்கில்லாமல் கிடக்குமாம்.
இழுபட்டால்தான் ஒரே வாக்கில் படுத்து நாராகும்.
பிசியோ கெவின் ஞாபகம் வந்தது,
"இன்னும் பத்து" என்கிற அந்தக் குரல்.
இயந்திரத்துக்கு எண்ணத் தெரியாது,
அந்தமட்டில் கெவின் தேவலை.

"யாருக்கு வெச்சுப் பாத்தீங்க?"
"முயலுக்கு. இப்போ செம்மறிக்கு."
"ஓடுதா?"
"ஓடுது."
கொஞ்ச நேரம் மூட்டையின் முடிச்சையே பார்த்தாள்.
"எங்க பட்டி சமதளம்" என்றாள்.
"இங்க மாதிரி இறக்கத்துல விட்டதில்ல."

எனக்கு வியாழக்கிழமை ஆபரேஷன்.
பழைய முறை, தொடை நார்.
செம்மறிகளுக்காகக் காத்திருந்தால்
இருபத்தாறு முப்பத்தாறாகிவிடும்,
கோல்கம்பம் காத்திருக்காது.

இப்போதெல்லாம் கூட்டை
இழை அதிகம் அறுபடாமல்
நுனியில் மட்டும் சீவுகிறேன்.
ஒரு மணிக்கு நானூறு என்பது முந்நூறாகிவிட்டதாம்.
சூப்பர்வைசர் இரண்டு தடவை சொல்லிவிட்டார்.