குதிரைப் பேரேடு

கேரோஜி வாக்மோடே சண்டையில் எப்படி இருப்பார் என்று
என்னிடம் கேட்காதீர்கள்.
நான் பார்த்ததில்லை.
ஒவ்வொரு முறையும் ஆற்றுக்கு இந்தக் கரையில்
மைக்கூட்டோடு உட்கார்ந்திருந்தவன் நான்.
குதிரைகள் போகும்போது ஓர் எண்,
திரும்பும்போது வேறோர் எண்.
கழித்து வருவதைத்தான்
நீங்கள் போர் என்கிறீர்கள்.

மான் நதியோரம் ஆடு மேய்த்த குடும்பம்.
முதல் குதிரைக்கு
நாற்பது ஆடும் தாயின் வெள்ளித் தண்டையும் போயின.
சொந்தக் குதிரையோடு வந்தால் சிலேதார்,
சர்க்கார் குதிரையில் ஏறினால் பார்கீர்.
ஈட்டி ஒன்றுதான், வெயில் ஒன்றுதான்,
சம்பளம் மட்டும் குதிரையைப் பார்த்து.
குதிரை செத்தால்
மறுநாளே சிலேதார் பார்கீர்.
இருமுறை அப்படி இறங்கி இருமுறை ஏறியவர்.
முந்நூறு குதிரைக்குத் தலைவரான பிறகும்
சேணத்தில் ஏறுமுன்
தரையை ஒருமுறை காலால் தட்டிப் பார்ப்பார்,
கடன்காரன் வீட்டுக் கதவைத் தட்டுவதுபோல.

எழுத்து தெரியாது.
ராத்திரியானால் தீவட்டியை அருகே நட்டு
என்னை வாசிக்கச் சொல்வார்.

"சாம்பல் நிறம், நெற்றியில் சுழி, இடது காது கிழிசல்.
தபதிக் கரையில் பீரங்கிக்கு."
"செம்மண் நிறப் பெட்டை, ஆறு வயது.
நிஜாமின் தானிய வண்டிகளை மடக்கிய இரவில்
பாழுங்கிணற்றில் விழுந்து."

சோள ரொட்டியை மெல்வது நின்றுவிடும்.
"ஏறியிருந்தவன்?"
ஏட்டில் அதற்குப் பத்தியில்லை என்பேன்.
"ஓரத்தில எழுது பந்த்.
ஓரம் சும்மாத்தானே கிடக்கு."

நர்மதையில் நான்கு நாள்.
ஓடுவதுபோல் ஓடி, எதிரியைச் சேற்றுக்கு இழுத்து,
பச்சைக் கதிரைக் கசக்கித் தின்று ஜெயித்தார்கள்.
அப்படித்தான் சொன்னார்கள்.
நான் கண்டது
ஆளில்லாத சேணத்தோடு நீந்தி வந்த ஒரு பெட்டையை.
தேவ்பா கர்ச்சேயின் குதிரை.

இறந்தது மனிதன். திரும்பியது குதிரை.
கணக்குப்படி நஷ்டம் ஏதுமில்லை.

அவன் மனைவி பாகூ கைக்குழந்தையோடு வந்து
கூடாரத்துக்கு வெளியே நின்றாள்.
எதுவும் கேட்கவில்லை.
கேரோஜி என் பக்கம் திரும்பினார்.
"குதிரை செத்துப்போச்சுன்னு எழுது."

எழுதினேன்.
ஆனால் சர்க்கார் எழுத்தை நம்பாது.
வால் வேண்டும், சூடு போட்ட தோல் வேண்டும்.
தோலுக்குச் செத்த குதிரைகள் நிறைய இருந்தன,
சூட்டுக்குறி எல்லாவற்றுக்கும் ஒன்றுதான்.
வாலை அன்றிரவு அவரே அறுத்தார்,
மயிரை மட்டும்,
அவளிடம் ஏதோ முணுமுணுத்தபடி.

ஆவணியில் புனேயிலிருந்து மோரோ திரிம்பக் வந்தார்,
தணிக்கைக்கு.
வாலை எடுத்து நிறம் பார்த்தார், நீளம் பார்த்தார்.
அப்புறம் லாயத்தைப் பார்த்தார்.
அங்கே ஒரு மொட்டைப் பெட்டை
ஈயை விரட்ட வழியில்லாமல்
தோலைச் சிலிர்த்துக்கொண்டு நின்றது.

"அது என்ன?"

என் நாக்கு ஒட்டிக்கொண்டது.
கேரோஜி சொன்னார்:
"அவள் விதவை, மகராஜ்.
மயிரை எடுத்துட்டோம்.
உங்க வீட்டு வழக்கம்தானே."

மோரோ திரிம்பக் நெடுநேரம் பேசவில்லை.
பதினோரு வயதில் மழிக்கப்பட்ட மகளொருத்தி
அவர் வீட்டுப் பின்கட்டில் இருந்ததை
நான் பிறகுதான் அறிந்தேன்.
முத்திரை வைத்தார்.
கீழே தன் கையால் ஒரு வரி சேர்த்தார்:
கணக்கில் இல்லாத குதிரைக்குக் கொள்ளு கொடுத்த வகையில்
தளபதிக்கு அபராதம், ரூபாய் பன்னிரண்டு.

கேரோஜி அதை ஏழெட்டு முறை
வாசிக்கச் சொல்லிச் சிரித்தார்.

ஈட்டி அவரைக் கொல்லவில்லை.
மழைக்கால முகாமில் வயிற்றுப்போக்கு, ஆறு நாள்.
அன்றிரவு ஏட்டைத் திறந்தேன்.
ஓரங்களில் இடமே இல்லை.
மேலும் கீழும் பெயர்கள், பெயர்களின்மேல் பெயர்கள்.

ஆகவே பத்திக்குள்ளேயே எழுதினேன்.
நிறம்: கறுப்பு.
வயது: ஐம்பத்தொன்று இருக்கலாம்.
அடையாளம்: வலது முழங்காலில் பழைய வெட்டு.
சூட்டுக்குறி: இல்லை.