இடம் வருதல்

விசா ஜன்னலில் இருந்தவர் கேட்டார்:
கார் ஓட்டுவீர்களா?
இல்லை, தூக்குவேன் என்றேன்.
மொழிபெயர்த்த பெண் ஒரு நொடி தயங்கினாள்.
தொப்பூர் கணவாய். கிரேன். பத்தொன்பது வருஷம்.
அங்கே எதைப் பார்க்கப் போகிறீர்கள்?
டேடோனாவில் ஐந்நூறு மைல் பந்தயம்.
அவர் சிரித்துவிட்டார்.
சிரித்தால் முத்திரை விழும் என்று
வரிசையில் முன்னால் நின்ற நாமக்கல்காரர்
சொல்லியிருந்தார், விழுந்தது.

பந்தயத்துக்கு டிக்கெட் எடுத்தவள் அக்கா மகள் சௌடேஸ்வரி.
விமானத்துக்கு நான் கட்டினேன்:
கவிழ்ந்த சிமெண்ட் லாரி ஏழு,
ஒரு கேஸ் டேங்கர்,
ராயக்கோட்டைத் தக்காளி வண்டிகள் சில
(அவர்கள் பாதிக் காசுதான் தருவார்கள்,
மீதிக்குத் தக்காளி).

நாற்பது கார்.
உடம்பெல்லாம் விளம்பரம்:
பல்பசை, பீர், நாய்த்தீனி.
பச்சைக்கொடி அசைந்ததும் வந்த சத்தம்
காதுக்கு வரவில்லை,
விலா எலும்புக்கு வந்தது.
ஆரஞ்சு நிறப் பஞ்சு இரண்டை
உள்ளங்கையில் வைத்தாள் சௌடேஸ்வரி.

இடது. இடது. மறுபடி இடது.
நாங்கள் வலம் வருவோம்.
இவர்கள் இடம் வருகிறார்கள்,
இருநூறு தடவை,
புறப்பட்ட இடத்துக்கே.
எங்களூரில் இப்படிச் சுற்றுகிறவன்
தோளில் தண்ணீர்க்குடம் வைத்திருப்பான்.
சொல்லவில்லை.
அவள் தொப்பியெல்லாம் வாங்கித் தந்திருந்தாள்.

வளைவில் சாலையையே சாய்த்துக் கட்டியிருக்கிறார்கள்,
முறத்தைச் சாய்த்துப் பிடித்த மாதிரி.
வேகம் வெளியே சிந்தாது.
இங்கே இரட்டைப் பாலத்து இறக்கத்தில்
டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விடுவான்
மூன்று ராத்திரி தூங்காத ஒருவன்.
முதுகுக்குப் பின்னால் முப்பது டன் கிரானைட்.
எங்கள் சாலை
யாரையும் தாங்கிப் பிடிக்கச் சாய்ந்ததில்லை.

நூற்று எண்பதாவது சுற்றோ என்னவோ,
பல்பசைக் காரைப் பின்னாலிருந்து
ஒருவன் லேசாகத் தொட்டான்.
அவ்வளவுதான்.
பதினொரு கார்.
பல்பசை கூரையால் சறுக்கிக்கொண்டு போனது.

லட்சம் பேர் எழுந்தார்கள்.
நானும் எழுந்தேன்,
படிக்கட்டுப் பக்கமாக.
கை இடுப்பில் டார்ச்சைத் தேடியது.
வாய் தானாகக் கேட்கிறது:
கேபினில் எத்தனை பேர்,
பின்னால் கிளீனர் யாராவது படுத்திருந்தானா.
சட்டையைப் பிடித்து இழுத்தாள்.
"மாமா, ஒரே ஆளுதான். பாருங்க, இறங்கறான்."

இறங்கினான்.
ஜன்னல் வலையை அவிழ்த்து, வெளியே வந்து,
ஹெல்மெட்டைக் கழற்றிக் கையாட்டினான்.
கூட்டம் கூத்தாடியது.
தலைகீழ் வண்டியிலிருந்து
தானாக இறங்கி நடந்தவர்கள்
என் கணக்கில் நாலு பேர்.
நாலு பேரும் கையாட்டவில்லை.
ஒருவன் பீடி கேட்டான்.

பிறகு வந்தது இழுவை வண்டி.
ஜனம் பாப்கார்ன் வாங்கப் போய்விட்டது.
பஞ்சைப் பிடுங்கிப் பையில் போட்டேன்.
தொப்பை பெரிய ஆள், அவசரம் இல்லை அவனுக்கு.
சங்கிலியை முதலில் எங்கே மாட்டுகிறான்?
பின் அச்சில், இடப்பக்கம்.
நானும் அங்கேதான்.
மாட்டிவிட்டு இரும்பை ஒரு தட்டுத் தட்டினான்,
எருமையின் முதுகில் தட்டுவதுபோல.
அதுவும் நான்தான்.
கைதட்டினேன்.
முன்வரிசைச் சிறுவன்
திரும்பிப் பார்த்தான், என்னையும்
காலியான தடத்தையும்.

பெங்களூரில் இறங்கி, ஓசூர் கடந்து,
கிருஷ்ணகிரி சுங்கச்சாவடியில் பஸ் நிற்கையில் போன்.
முனிவேலு.
"அண்ணே, எதுவரைக்கும் வந்துட்டீங்க?
கட்டமேட்டுல மைதா லோடு. ரோடெல்லாம் வெள்ளை."
டிரைவர்?
"இறங்கிட்டான். மாவு மூஞ்சியோட உக்காந்திருக்கான்."
சரி, பெரிய சங்கிலியை எடுத்து வை.
வைத்துவிடாமல் இழுத்தான் பேச்சை:
"யாருண்ணே ஜெயிச்சது?"

எனக்குத் தெரியாது.
கடைசிச் சுற்றில் எல்லோரும் கோட்டைப் பார்த்தபோது
நான் வேலிக்கு அந்தப் பக்கம்
பல்பசைக் காரை அவன்
அலுங்காமல் இறக்குகிறானா என்று
பார்த்துக்கொண்டிருந்தேன்.