பெரட்டு

தொப்பியை இடப்பக்கம் சரித்திருந்தான் சந்தியாகு.
வலப்பக்கம் சரிய வேண்டும்.
இதை ஒரு முறைதான் சொல்லித் தருவார்கள்,
கன்னத்தில்.

லாபிஸ் திடலில் வீரர் நாள்.
விடிகாலை மழையில் புல் ஊறிக் கிடந்தது.
அவன் நெஞ்சில் ஐந்து பதக்கம்,
அதில் ஒன்று பள்ளிக்கூட ஓட்டப்பந்தயத்தில் கொடுப்பது.
மாவட்ட அதிகாரி அவன் கையைக் குலுக்கினார்.
முன்வரிசையில் பவளக்கொடி
ஈரக்குடையை மடிமேல் வைத்துக்கொண்டு
பெருமையாகப் பார்த்தாள்.

முன்னாள் படைவீரர் கிளைக்கு நான் செயலாளன்.
பெயர் சரிபார்ப்பது என் வேலை.
கோப்பிக்கடையில் உட்காரவைத்துக் கேட்டேன்:
உன் படை எண் என்ன?
சாகக் கிடப்பவனுக்கும் மறக்காத எண் அது.
இமைக்காமல் சொன்னான்:
முந்நூற்றுப் பதினேழு.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.
அது அவனுடைய செக்ரோல் எண்.
முப்பத்தோரு வருஷம், இருட்டில், கொசுக்கடியில்
பெரட்டுக் களத்தில் வரிசையாக நின்று
கிராணி கூப்பிட்டதும் 'இருக்கேன்' என்ற எண்.
வெள்ளைக்காரன் பரேட் என்று சொன்னது
நம் வாயில் பெரட்டு ஆகிவிட்டது.
தோட்டத்தை விற்றபோது
அவனுக்குக் கொடுத்தது ஒரு சுவர்க் கடிகாரம்.

அதை நினைத்து விட்டுவிடலாம் என்றார்கள் சிலர்.
நான் ஒப்பவில்லை.
கடிகாரம் வாங்கினவனெல்லாம் பதக்கம் குத்திக்கொண்டால்
என் முழங்காலில் கிடக்கிற தகரத்துண்டுக்கு
என்ன பெயர் வைப்பது?
போலீஸில் எழுதிக் கொடு என்றார் ஹம்டான்.
பாரத்தை எடுத்து நிரப்ப ஆரம்பித்தேன்.

பன்னிரண்டு வருஷமாக
ஞாயிறு தவறாமல் பவளக்கொடி வீட்டில்
அவனுக்கு இடியப்பம்.
அங்கமுத்து செத்தபோது நான் பக்கத்தில் இருந்தேன்
என்று சொல்லியிருக்கிறான்.
குரோ காட்டில், மூங்கில் புதரடியில்,
கண்ணியை மிதித்த கால் இல்லாமல்
உன் பெயரைத்தான் சொன்னான்,
இரண்டு தடவை.
அந்த இரண்டு தடவையைத் தலைக்கடியில் வைத்துக்கொண்டு
அவள் தூங்கியிருக்கிறாள்.

சொல்லப் போனவன் நான்.
கேட்டுவிட்டு
இடியப்பத் தட்டை அடுப்பிலிருந்து இறக்கினாள்.
ஆவி அடங்கும்வரை பேசவில்லை.
"ஜெயிலா?"
அபராதம் போடலாம், இல்லாவிட்டால் எச்சரிக்கை என்றேன்.
"அபராதம் யாருக்கு வேணும்.
பதக்கத்தைப் பிடுங்கணும்.
அதே திடல்ல, அதே மைக் வச்சு.
பொய்யின்னு அவன் வாயால என்கிட்ட சொல்லணும்."
சரி என்றேன்.
"வர்ற ஞாயித்துக்கு மாவு வறுத்தாச்சு,
அதையும் தின்னுட்டுப் போகட்டும்."

எழுந்தேன்.
செருப்பில் ஒரு கால் நுழைத்துவிட்டேன்.
"அவன் இல்லேன்னா
பக்கத்துல யார் இருந்தா?"

வெளியே செம்பனைக்குலை லாரி
மேட்டுத் திருப்பத்தில் கியர் மாற்றிக்கொண்டு
போகவே மாட்டேன் என்றது.

நாற்பத்து மூன்று வருஷமாக
அவள் வீட்டுக்கு மூன்று மைலில் குடியிருக்கிறேன்.
சந்தைக்குச் சுற்றுப்பாதையில் போகிறவன்.
அங்கமுத்து யார் பெயரையும் சொல்லவில்லை.
தண்ணீர் என்றான்.
மறுபடியும், சத்தமாக, தண்ணீர் என்றான்.
என் புட்டியில் பாதி இருந்தது.
மூடியைத் திறக்க ஒரு கை வேண்டும்.
எதிரில் இருப்பவன் கேட்டுவிடுவான் என்று
இரண்டு கையாலும்
அவன் வாயைப் பொத்தியிருந்தேன்.

சட்டைப்பையில் பாரம்,
குற்றவாளியின் பெயர்வரைக்கும் எழுதியது.
"யாரு?" என்றாள் மறுபடியும்,
பேரேட்டிலிருந்து தலையைத் தூக்காத
கிராணிபோல.

வாயில் வந்தது
என் எண் மட்டும்.