பதினேழாவது வாளி

பதினாறு வாளிகள் செத்துப்போயின.
அறிக்கையில் அப்படி எழுத முடியாது.
‘நுண்ணுயிர் எண்ணிக்கை குறைவு’ என்று எழுதினேன்.

லிம் சூ காங்கில், சாலை முடியுமுன் இடப்பக்கம்,
ஒன்பது பாத்தி கங்குங் போட்டிருக்கிறார் மிஸ்டர் குவேக்.
சோயா சக்கை, காப்பிக்கடைத் தூள், கரும்புப்பாகு:
வெள்ளிதோறும் நான் அங்கே கரைத்து வைப்பது
அவர் வாயில் ‘பூச்சி சூப்’.
மூடியைத் திறந்து மோந்துவிட்டுக் கேட்பார்,
“இன்னும் தூங்குதா?”

ஆய்வகத் தட்டில்
பால்பொட்டுகளாய்ப் பெருகியவை
தோட்டத்துக்கு வந்ததும் ஏன் அடங்கின?
வெயிலா, மூடியா, என் கையா.
மூன்று மாதம் என் கையைத்தான் சந்தேகப்பட்டேன்.
நகத்தை ஒட்ட வெட்டினேன்.

ஜனவரி மழையில் குழாய் பிய்ந்த அன்று
கூரைத் தண்ணீரைப் பிடித்து
வாளியை நிரப்பிவிட்டார் குவேக்,
என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல்.
நான்காம் நாள் மூடி உப்பிக்கொண்டு எழுந்தது.
புளித்த மாவின் வாடை;
கொஞ்சம் கள் என்றும் சொல்லலாம்.

குழாய்த் தண்ணீர்!
நோய் அண்டாமல் ஊரே குடிக்கும் அந்தச் சுத்தம்,
இரவெல்லாம் திறந்து வைத்தாலும் போகாத மருந்து,
பதினாறு முறை
நானே அளந்து ஊற்றியது.

படிவத்தில் தண்ணீருக்கென்று கட்டம் இல்லை.
விளிம்பில் எழுதினேன்: மழை.

பாத்திக்கு இரண்டு குவளை ஊற்றி முடித்து
குவேக் வானத்தைப் பார்க்கிறார்.
“பிப்ரவரியில பெய்யாதே, அப்ப?”

தொட்டி விலை விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.