சொட்டு மருந்துக்குப் பிறகு இருபது நிமிடம்

லீத் துறைமுகத்துக்குப் பக்கத்தில் கண் மருத்துவமனை.
எரியும், என்றாள் செவிலி. எரிந்தது.
எதையும் படிக்காதீர்கள் என்றும் சொன்னாள்,
அகராதி அலுவலகத்தில் படிப்பதற்கே
சம்பளம் வாங்கும் என்னிடம்.

மேசையில் பாதியில் விட்டு வந்த சொல், 'ப்யூப்பில்'.
எடின்பரோ பள்ளிகளில் மழைக்கோட்டு போட்டுப்
பேருந்துக்கு ஓடுகிறது.
கண்ணுக்குள் கறுப்பாக நிற்பதும் அதுவே.
பிரெஞ்சைத் தட்டினால் லத்தீன் திறக்கிறது:
'பூப்பில்லா', தகப்பனில்லாச் சிறுமி;
அவளுக்குள் இன்னும் சின்னதாய் ஒரு பொம்மை.
கிரேக்கத்தில் 'கோரே'. அவளும் சிறுமி.
எபிரேயத்தில் மட்டும் ஒரு குட்டி மனிதன்.
எல்லாருக்கும் முந்தி, எகிப்தியக் கல்லறைச் சுவரில்
கண்ணுக்குள் இருக்கும் பெண்.

யார் யாரிடம் கடன் வாங்கியது?
அம்புக்குறி போடு, என்பார் கெடஸ்.
எனக்குக் கை வரவில்லை.
ஒரு சாண் தூரத்துக்குப் போனால்தான்
அடுத்தவர் கண்ணில் நாம் தெரிவோம்,
எள்ளளவு உயரத்தில்.
பால் கொடுத்தவளோ,
முத்தத்துக்கு முன் ஒரு கணம் தயங்கியவனோ,
தூசி ஊத வந்த எதிர்வீட்டுக்காரியோ,
ஒவ்வோர் ஊரிலும் யாரோ
அவ்வளவு கிட்டே போயிருக்கிறார்கள்.
கெடஸுக்கு இதை எந்தக் குறியால் எழுதுவது?

ரோரி போய் நாலு வருடம்.
யார் கண்ணிலும் நான் நின்றதில்லை.

"தாடையை இங்கே வையுங்கள்."
டாக்டர் குனிகிறாள், மிளகுக்கீரை மிட்டாய் மணக்க.
நடுவில் வில்லை, ஒளிக்கீற்று.
எனக்கு எல்லாம் வெள்ளை.
"பாவை நன்றாக விரிந்திருக்கிறது."
உள்ளே யாராவது தெரிகிறார்களா, என்று கேட்டேன்.
"அசையாதீர்கள்," என்றாள்.