நிறுத்தக் கோடு

ஓவுலு நகரில் ஆறு மாதம்
மோட்டார் சைக்கிள் என்பது
போர்வைக்குள் கிடக்கும் ஒரு சாமான்.
கையுறையின் விரல்நுனிகளைக் கத்தரித்துவிட்டு
கராஜில் அதன் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன்,
ஹீட்டர் எங்கள் இருவருக்கும் நடுவே.

பகலெல்லாம் எட்டாம் நம்பர் பேருந்து ஓட்டுகிறேன்.
பதினெட்டு டன். கால் வைத்தால் நிற்கும்.
இது இருநூற்று நாற்பது கிலோ,
நில் என்றால் யோசிக்கும்.

எண்பத்தொன்றாம் வருடத்து ஹோண்டா.
ஓட்டத்தில் ஒரு குற்றம் சொல்ல முடியாது.
ஆறாயிரம் சுற்றைத் தாண்டினால்
நான்கு சிலிண்டரும் ஒரே மூச்சு, வேறொரு ஆள்.
யானையை வாங்கிவிட்டேன்,
அங்குசம் தேடிப் பதினோரு வருடம்.

ஒரு குளிர்காலம் பிரேக் குழாய்களுக்குப் போனது:
ரப்பர் போய் எஃகுப் பின்னல் வந்தது.
ஒன்று ஃபோர்க் ஸ்பிரிங்குக்கு.
பின்பக்கத்து ஷாக் அப்சார்பர் வந்த அன்று
இல்மோ விலை கேட்கவில்லை.
பெட்டியைத் தூக்கிப் பார்த்துவிட்டு
"கனமாத்தான் இருக்கு" என்றார்.
கல்யாணமாகி இருபத்தாறு வருடம், அவருக்குத் தெரியும்.

கழற்றியதை எறியவில்லை.
மூன்று வாழைப்பழ அட்டைப்பெட்டிகளில்
பழைய காலிப்பர், பழைய ஹேண்டில்பார், சைலன்சர்கள்,
எதையும் காட்டாமல் நடுங்கிய கண்ணாடிகள்.

பிப்ரவரியில் விளம்பரம் கொடுத்தேன்.
கயானியிலிருந்து ஒருவன் கூப்பிட்டான்.
எல்லாம் வேண்டும் என்றான்.
எல்லாமா?
எல்லாம்.
அவனிடமும் அதே வண்டி, அதே வருடம்.
நான் போட நினைத்ததையெல்லாம்
அவன் முன்பே போட்டு முடித்து,
இப்போது ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டிருந்தான்.

பாதி வழியில், வாலாவின் பெட்ரோல் பங்க்.
மைனஸ் இருபத்து மூன்று.
நான் எண்பத்தொன்றை விட்டு வந்துகொண்டிருந்தேன்,
அவன் எண்பத்தொன்றுக்குப் போய்க்கொண்டிருந்தான்.
அய்மோ கெம்ப்பய்னென். முப்பது இருக்கும்,
சுரங்கத்தில் வேலை.
ஜெர்மன்காரன் ஒருவன் வாங்குகிறானாம்,
ஒரு ஸ்க்ரூகூடக் கம்பெனி போட்டதாக இருக்கவேண்டுமாம்.
ஏன் விற்கிறாய் என்றேன்.
"இரட்டைக் குழந்தை" என்றான்,
டயர் பஞ்சர் என்பதுபோல.

டிக்கியோடு டிக்கி முட்ட நிறுத்தி
சாமான் மாற்றிக்கொண்டோம்.
யார் யாருக்குப் பணம் தருவதென்று தெரியாமல்
இரண்டு நிமிடம் பேசாமல் நின்றோம்.
பிறகு அவன் காபி வாங்கித் தந்தான்.
கணக்குத் தீர்ந்தது.

கடைசியாக, எண்ணெய்த் துணியில் சுற்றிய இரண்டு தாங்கிகள்.
பழைய ஃபோர்க்கில் நான்கு பிஸ்டன் காலிப்பர் உட்கார
இரவு ஷிஃப்டில் அவனே கடைந்த அலுமினியம்.
கடையில் கிடைக்காது.
விளிம்பையெல்லாம் அரத்தால் மழித்து
கன்னம்போல வைத்திருந்தான்.
நீட்டிய கை உடனே விடவில்லை.
"நாற்பதுக்கு மேல முறுக்காதீங்க" என்றான்.
அப்புறம் விட்டான்.

ஏப்ரல் கடைசியில் வாகனச் சோதனை.
அதிகாரி தரையில் படுத்து டார்ச் அடித்தார்.
"இந்தத் தாங்கி யார் தயாரிப்பு?"
"கயானியில் செய்தது."
"கம்பெனி?"
"கெம்ப்பய்னென்."
எழுத்துக்கூட்டி எழுதிக்கொண்டார்.

மே மாதம். பனிக்காகக் கொட்டிய சரளை
இன்னும் சாலையோரங்களில்.
முதல் சிவப்பு விளக்கு.
வழக்கமாக எங்கே பிடிக்கத் தொடங்குவேனோ
அங்கேயே பிடித்தேன், இரண்டு விரலால்.
நின்றுவிட்டது.
வெள்ளைக் கோடு எங்கோ முன்னால்,
ஒரு படகு நிறுத்துமளவு இடம் நடுவில்.

பின்னால் எட்டாம் நம்பர்.
ஸ்டியரிங்கில் எங்கள் டிப்போ ரைலி,
ஹாரனில் கையை வைத்து எடுக்கவில்லை.
கால்களை ஊன்றி
வண்டியைத் தள்ளிக்கொண்டே போய்க்
கோட்டில் நிறுத்தினேன்.