பத்துக்கும் நாலுக்கும் நடுவில்

சனிக்கிழமை பத்து மணிக்கு இவர்கள் போக வேண்டும்.
நாலு மணிக்கு அவர்கள் வருவார்கள்.
நடுவில் ஆறு மணி நேரம்
அபெர்வென் கடற்கரையின் இந்த வீடு
பிரிஸ்டலில் இருப்பவருடையது என்று பத்திரம் சொல்லும்.
துடைப்பம் என் கையில்.

முதலில் சமையலறை.
அலமாரியில் பதினொரு உப்புப் பொட்டலம்.
வருகிற குடும்பமெல்லாம் ஒன்று வாங்கி வருகிறது,
ஒரு வாரத்தில் நாலு சிட்டிகை எடுக்கிறது,
அடுத்தவருக்கு ஆகட்டும் என்று வைத்துவிட்டுப் போகிறது.
அடுத்தவர் அலமாரியைத் திறக்காமலே கடைக்குப் போகிறார்.
முப்பது எட்டில் கடல்.

பாதி எண்ணெய், கால் பை பாஸ்தா, மூன்று முட்டை:
அதெல்லாம் எனக்கு.
என் மகள் லவ்ரி
யார் வாங்கியதென்று தெரியாத ஜாம் தின்று வளர்ந்தவள்.
ஒருமுறை நண்டு வடிவ பாஸ்தா வந்தது.
ஒரு மாதம் அதையே பேசினாள்.

ஆட்களை நான் பார்த்ததில்லை.
இந்த வாரம் வுல்வர்ஹாம்ப்டன், ஐந்து பேர்.
நாலு நாள் மழை; சீட்டுக்கட்டு நைந்துபோயிருக்கிறது.
பெரிய கட்டிலில் ஒரு பக்கம்தான் கசங்கல்.
சோபா மேல் போர்வை, நாலாய் மடித்து,
அங்கே யாரும் படுக்கவில்லை என்பது போல.
எனக்கென்ன. உறை மாற்றுகிறேன்.

மாடி அறை. அடுக்குக் கட்டிலின் கீழ்த்தட்டு.
தலையணைக்கு அடியில்
கழிவறைக் காகிதத்தில் சுற்றி
ஒரு பல்.
கூடவே பென்சில் எழுத்து:

"பல் தேவதைக்கு.
இது எங்க வீடு இல்லை.
நாளைக்குப் பத்து மணிக்குப் போயிடுவோம்.
அதனால இன்னைக்கே வரணும்.
நாய் கிடையாது. சன்னல் சரியாப் பூட்டாது,
தள்ளினாப் போதும்.
எல்லிஸ்."

தள்ளிப் பார்த்தேன். உண்மைதான்.
ஆறு மாதமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன் பிரிஸ்டலுக்கு.

விட்டுப்போனவைக்கென்று ஒரு பெட்டி உண்டு:
ஒற்றைக் காலுறைகள், நீச்சல் கண்ணாடி,
யாரும் கேட்டு வராத ஒரு கல்யாண மோதிரம்.
அதில் போட மனம் வரவில்லை.
ஏப்ரன் பையில் போட்டுக்கொண்டேன்.

ஒரு மணிக்கு போன்.
நெடுஞ்சாலையில் எங்கோ நின்றுகொண்டு அந்த அம்மா.
சார்ஜர் ஒன்றை விட்டுவிட்டோமா?
ஆமாம், கெட்டில் பக்கத்தில். தபாலில் அனுப்புகிறேன்.
வைக்கப் போனவளிடம் சொன்னேன்:
ஒரு பல்லும் இருக்கிறது.

லாரிகள் போகும் சத்தம்.
கொஞ்ச நேரம் அது மட்டும்தான்.
"நேற்று ராத்திரி நாங்கள்" என்று தொடங்கி
விட்டுவிட்டாள்.
"அவன் பின்சீட்டில் இருக்கிறான். அழவே இல்லை."
ஸ்பீக்கரில் போட்டாள். எங்கள் மூவருக்கும் நடுவே
கார் சீட் கிறீச்சிட்டது.

பொய் எனக்குச் சரளமாக வராது.
"எல்லிஸ், முகவரியெல்லாம் சரியாகத்தான் எழுதியிருந்தாய்.
தப்பு எங்கள் பக்கம்.
சனிக்கிழமை பத்திலிருந்து நாலு வரைதான்
எங்களுக்கு இந்த வீட்டுக்குள் வேலை.
உன் ஒரு பவுண்டு சார்ஜரோடு வரும்."

"நீங்க யாரு?"
"நெஸ்டா."
யோசித்தான்.
"சன்னல் வழியாவா வந்தீங்க?"
"என்னிடம் சாவி இருக்கிறது" என்றேன்.
அதற்குமேல் அவன் ஒன்றும் கேட்கவில்லை.

குளியல் தொட்டியில் மணல்; எப்போதும் மணல்.

மூன்றே முக்காலுக்கே அடுத்த கார் வந்துவிட்டது.
சொன்ன நேரத்துக்கு வருகிறவர்கள் குறைவு.
ஓர் அப்பா, தாடையால் பைகளை அழுத்திப் பிடித்தபடி.
மேலே எட்டிப் பார்க்கிறது பன்னிரண்டாவது உப்பு.
உள்ளே இருக்கிறது என்று சொல்ல வாயெடுத்தேன்.
"ஆஹா, காற்றில் உப்பு வாசனை!" என்றார்.
சாவியைக் கொடுத்துவிட்டு நகர்ந்தேன்.

மேட்டில் ஏறுகிறேன்.
பையில் மூன்று முட்டை, உடையாமல்.
நடுநடுவே கை போய்
பல்லைத் தொட்டுப் பார்த்துக்கொள்கிறது.